தெலுங்கு அரிச்சுவடி

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தபோது, கிறிஸ்தவ வாலிபர் சங்கக் காரியதரிசி, பேச்சில் வல்லவர். யாழ்ப்பாணத்துச் சிறு சபையார் தம் பணத்தில் தமிழகத்துக்கு ஊழியரை அனுப்பிவருதல் கண்டு அவர் உள்ளம் நாணியது. அவர் பிறந்த திருநெல்வேலியிலோ சபை பெரிது. அத்தகைய முயற்சிதான் இல்லை! மறு ஆண்டே அங்கு இந்திய மிஷனெறிச் சங்கம் தோன்றியது; அவரே அதன் செயலாளர்.

ஆயினும், பிறரை அனுப்புதல் எளிதன்றோ? தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் ஊழியத்துக்குக் குருவானவர் ஒருவர் தேவைப்பட்டபோது, தாமே ஏன் செல்லலாகாது என்னும் வினா அவரை உறுத்தியது. 1909இல் குருப்பட்டம் பெற்றார். மேடைகளில் முழங்கியவர், முப்பதைக் கடந்த வயதில், தெலுங்கு அரிச்சுவடியின் முன் மாணாக்கராய் அமர்ந்தார். பொருள் விளங்கப் பேசவியலாத அந்நாள்கள் அவருக்கு எத்துணைக் கடினமாயிருந்திருக்கும்!

1912இல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். பின்னரும் மாட்டுவண்டியேறிக் கிராமங்களுக்குச் செல்வதை அவர் விட்டாரில்லை.