மணி ஏன் பிந்தியது?

திங்கட்கிழமை காலையில் கைப்பேசி நேரத்தோடு சரியாக வைத்த பள்ளி மணி, வெள்ளிக்கிழமை காலையில் 6 நிமிடம் தாமதமாக அடித்தது. மதுரையை அடுத்த ஓர் அரசுப் பள்ளியில் நான் பணியாற்றியபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அர்டுயினோ உனோ பலகையில் செய்த தானியங்கி மணி அது. "நிரல்ல எங்கேயோ தப்பு இருக்கு, மறுபடி பாரும்மா" என்றேன். மூன்று நாள் வரிவரியாகப் பார்த்துவிட்டு வந்தாள். "தப்பு எதுவும் தெரியல சார். ஆனா தினமும் ஒன்றரை நிமிஷம் பிந்துது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றாள்.

விடை அவள் பேச்சிலேயே இருந்தது. நிரல் சரியாக இருந்தும் தினமும் ஒரே அளவு பிந்துகிறது என்றால், நாம் பார்க்க வேண்டியது நுண்கட்டுப்படுத்தியின் கடிகாரத் துடிப்பை.

துடிப்பு எங்கிருந்து வருகிறது?

உனோ பலகையின் முதன்மைச் சிப் ஏடிமெகா328பி. அது நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளை, அதாவது 16 மெகாஹெர்ட்ஸை, நம்பி நேரத்தை எண்ணுகிறது. துடிப்பு சற்று மெதுவானால் அதன் நொடியும் நீளும். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். இதை வைத்து ஒவ்வொரு மூலத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சிப்புக்குள்ளேயே உள்ள அலையியற்றி: தனி உதிரிப்பாகம் தேவையில்லை. ஆனால் பிழை பல விழுக்காடு வரை போகலாம். 1 விழுக்காடு பிழையே நாளொன்றுக்கு 14 நிமிடத்துக்கு மேல்.

செராமிக் ரெசனேட்டர்: பிழை பொதுவாக அரை விழுக்காட்டுக்குள் இருக்கும். 0.1 விழுக்காடு என்றாலே நாளுக்கு 86 நொடி. எங்கள் மணிக்கு நேர்ந்தது ஏறத்தாழ இதுதான்.

குவார்ட்ஸ் படிகம்: பத்து லட்சத்தில் 50 பங்கு பிழை என்றால் நாளுக்குச் சுமார் 4 நொடி.

டிஎஸ்3231 நேரச் சிப்: வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை, பத்து லட்சத்தில் 2 பங்குதான் பிழை. ஆண்டுக்குச் சுமார் 1 நிமிடம்.

உனோ ஆர்3 பலகையில் யு.எஸ்.பி. முனைக்கு அருகே பளபளக்கும் உலோகப் படிகத்தைப் பார்த்து, "நம்மிடம்தான் படிகம் இருக்கிறதே" என்று நானும் நினைத்திருந்தேன். அது யு.எஸ்.பி. தொடர்பைக் கவனிக்கும் இன்னொரு சிப்புக்கானது. முதன்மைச் சிப்புக்கு இருப்பது செராமிக் ரெசனேட்டர்.

மதுரை வெயிலும் கொடைக்கானல் குளிரும்

நேரச் சிப்புகளில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அது 2-இன் 15-ஆம் அடுக்கு. 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். இந்தப் படிகம் 25 டிகிரியை ஒட்டித்தான் மிகச் சரியாக ஓடும். வெப்பம் அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும், விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப மெதுவாகும். சித்திரை வெயிலில் 40 டிகிரி தொடும் மதுரை அறையிலும், 10 டிகிரிக்கு இறங்கும் கொடைக்கானல் இரவிலும் விலகல் 15 டிகிரியே. வெப்பத் திருத்தம் இல்லாத டிஎஸ்1307 போன்ற சிப், இரண்டு ஊரிலும் நாளுக்கு ஏறத்தாழ 0.7 நொடி கூடுதலாகப் பிந்தும். மணிப்பெட்டியைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

வேகம் எவ்வளவு வேண்டும்?

வேகம் கூடினால் மின்செலவும் கூடும். மண் ஈரத்தை மணிக்கு ஒருமுறை அளக்கும் மின்கலக் கருவிக்கு 1 மெகாஹெர்ட்ஸ் தாராளம். மின்னழுத்தத்தையும் பாருங்கள். ஏடிமெகா328பி சிப்புக்கு 5 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் சரி, 3.3 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸ்தான் பாதுகாப்பு. புளூடூத் தொகுதியோடு பேசும் தொடர் தகவல்தொடர்பில் இரு பக்கத் துடிப்பும் சுமார் 2 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லையேல் திரையில் பொருளற்ற எழுத்துகள் வரும். அப்போதும் நாம் நிரலைத்தான் திட்டுவோம்.

தனிச் சிப்பில் படிகம் பொருத்தும்போது அதன் கால்கள் குட்டையாக இருக்கட்டும். இருபுறமும் 22 பிகோஃபாரட் மின்தேக்கிகள் பொதுவாகப் பொருந்தும். படிகம் இல்லாத சிப்பில் "வெளிப் படிகம்" என்று ஃபியூஸ் அமைத்துவிட்டால் சிப் பதிலே தராது. அது பழுதில்லை, படிகத்தை இணைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

பலகையின் நேரத்தைக் கைப்பேசி நேரத்தோடு 7 நாள், தினமும் ஒரே வேளையில் ஒப்பிட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் அதன் சாய்வே துடிப்பின் பிழை. கோடு வளைந்தால் அன்றன்றைய வெப்பநிலையையும் குறிக்கச் சொல்லுங்கள். விகிதம், அடுக்கு, வரைபடம் மூன்றும் ஒரே செயல்பாட்டில் வந்துவிடும். இந்திய நேரம் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்களைச் சொல்லலாம்.

எங்கள் மணியில் டிஎஸ்3231 பொருத்தினோம். நிரலில் நேரம் படிக்கும் பகுதி மட்டுமே மாறியது. மற்றதெல்லாம் அவள் முதலில் எழுதியபடியே ஓடியது. "தப்பு உன் பேர்ல இல்லம்மா" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். அடுத்த முறை ஒரு மாணவரின் கருவி பிழையாக ஓடினால், நிரலைக் குறை சொல்லும் முன் துடிப்பை அளந்து பாருங்கள்.