செய்து கொடுப்பதும் செய்ய விடுவதும்

அமெரிக்காவில் ‘நர்சிங் ஹோம்’ எனப்படுவது தமிழ்நாட்டில் அப்பெயரால் வழங்கும் சிறிய தனியார் மருத்துவமனை அன்று. பக்கவாதம், மறதிநோய், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ள இயலாதவர்கள் மாதக்கணக்கிலும், பலர் இறுதிக்காலம் வரையிலும் தங்கியிருக்கும் நெடுங்காலப் பராமரிப்பு இல்லமே அது. அங்கே மருத்துவர் அவ்வப்போது வந்து போவார். செவிலியருக்கு மருந்துகளும் ஆவணங்களுமே பெரும்பொழுதை எடுத்துக்கொள்ளும். முதியவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும் வேலையோ பெரும்பாலும் ‘சான்று பெற்ற செவிலியர் உதவியாளர்’ எனப்படும், பணிவரிசையின் கீழ்ப்படியில் உள்ள ஊழியரின் கையிலேயே இருக்கிறது.

இவ்வில்லங்களின் தரக்குறைவை விவரித்து 1986இல் அந்நாட்டு அறிவியல் கழகத்தைச் சார்ந்த மருத்துவ நிறுவனம் அறிக்கை வெளியிட்டதைத் தொடர்ந்து, 1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் இந்த ஊழியருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியையும், எழுத்து அல்லது வாய்மொழித் தேர்வோடு செய்முறைத் தேர்வையும், மாநிலந்தோறும் ஒரு பதிவேட்டையும் கட்டாயமாக்கியது. முதியவரைத் துன்புறுத்தியதாக உறுதியானவரின் பெயர் அப்பதிவேட்டில் குறிக்கப்பட்டுவிட்டால், அவரை இத்தகைய இல்லங்கள் வேலைக்கு அமர்த்த இயலாது. 75 மணி நேரம் என்பது இரண்டு வார வேலை நேரத்தை விடக் குறைவு என்பதையும், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் அதனை 160 மணி நேரமாக உயர்த்தியிருப்பதையும் இங்கே கருத வேண்டும். ஆயினும் அப்பயிற்சியின் வரிசைமுறையில் ஒரு நல்ல சிந்தனை அடங்கியுள்ளது: முதியவரைத் தொடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய 16 மணி நேரப் பாடத்தில், தொற்றுத் தடுப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு இணையாக, முதியவரின் தற்சார்பை வளர்த்தலும் அவருடைய உரிமைகளை மதித்தலும் இடம்பெற்றுள்ளன.

தற்சார்பை அளக்கும் கருவியை சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1963இல் வெளியிட்டனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என்னும் ஆறு ‘அன்றாடச் செயல்களில்’ எவற்றை ஒருவர் பிறர் உதவியின்றிச் செய்கிறார் என்று கணக்கிடும் முறை அது. உதவியாளரின் கடமைப் பட்டியலைப் பார்த்தால் இந்த ஆறுமே அதில் இருக்கும். ஆனால் இவற்றைச் செய்து கொடுப்பதுதான் கடமை என்று கொள்வது பாதி உண்மையே. பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவருக்குச் சட்டை அணிவிக்கும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவிக்க வேண்டும் என்பது பயிற்சியின் தொடக்கப் பாடம். அதற்கு அடுத்த படியோ, பொத்தானை நல்ல கையால் அவரே போட்டுக்கொள்ளும் வரை காத்திருத்தல். உதவியாளர் தாமே போட்டுவிட்டால் நொடியில் முடியும் வேலை, அவர் போட்டால் ஐந்து நிமிடம் ஆகலாம்; எனினும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவருடைய விரல்களின் பழக்கம் பாதுகாக்கப்படுகிறது.

தாமே அசைய இயலாதவரைப் பொறுத்தவரை கடமையின் தன்மை மாறுகிறது. ஒரே நிலையில் நெடுநேரம் கிடப்பவருக்கு, எலும்பு துருத்தும் இடங்களான முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகியவற்றில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோலும் அதனடியிலுள்ள தசையும் சிதைவதே படுக்கைப் புண். இதைத் தடுக்கப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். இழுத்து நகர்த்தினால் தோல் உரியும் என்பதால், அடியில் விரித்த துணியோடு இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்துவதே முறை. அழுத்தினால் வெளுக்காத சிவப்புத் திட்டு புண்ணின் முதல் அறிகுறி. கருந்தோலில் அச்சிவப்பு எளிதில் தெரியாதாகையால், அவ்விடத்தின் சூட்டையும் இறுக்கத்தையும் விரலால் உணர வேண்டும். முதியவரின் ஆடையற்ற உடலை நாள்தோறும் காண்பவர் உதவியாளரே ஆதலால், இதனை முதலில் கண்டறிய வேண்டியவரும் அவரே.

உணவு வேளையிலும் இத்தகைய நுணுக்கங்கள் உண்டு. புரை ஏறாதிருக்க நிமிர்த்தி உட்கார வைத்து, எதிரில் நின்றபடியன்றி அமர்ந்து ஊட்டி, ஒரு வாய் விழுங்கிய பின்னரே அடுத்ததைக் கொடுத்து, தட்டில் எத்தனை விழுக்காடு காலியாயிற்று என்று எழுதி வைக்க வேண்டும். பல் செட்டைக் கழுவுமுன் தொட்டியில் துண்டு விரித்துக்கொள்வது வழக்கம். கை நழுவினால் பல் உடையும், பல் உடைந்தால் புதியது வரும் வரை கூழ்தான் உணவாகும். ஒரு மாதத்தில் உடல் எடை 5 விழுக்காடு குறைவதைப் பெரிய இழப்பு என்று இவ்வில்லங்களின் மதிப்பீட்டு முறை கொள்கிறது. அந்த எச்சரிக்கையின் தொடக்கம், வேளைதோறும் மீந்த உணவைக் குறித்து வைத்த உதவியாளரின் எழுத்தில் இருக்கிறது.

ஊசி போடுவதும் நோயைக் கணிப்பதும் அவருடைய எல்லைக்கு அப்பாற்பட்டவை. மருந்து கொடுக்கவும் தனிப் பயிற்சியும் மாநில அனுமதியும் வேண்டும். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்புகிறார் என்றால், அது சிறுநீர்த் தொற்றா வேறொன்றா என்று முடிவு செய்யாமல், கண்டதைக் கண்டவாறு செவிலியரிடம் உடனே சொல்வதே அவர் பொறுப்பு. இந்த எல்லைக்கோடு நியாயமானதே. ஆனால் சொன்னது செவியேறாத இல்லங்களில் அதனால் பயனில்லை.

இவை அனைத்துக்கும் வேண்டியது நேரம். 2024இல் வெளியான கூட்டாட்சி விதி, ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 2.45 மணி நேர உதவியாளர் கவனிப்பு வேண்டும் என்றது. இல்ல உரிமையாளர் தரப்பின் வழக்கில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2025இல் அதனை நீக்கியது. எட்டு மணி நேரப் பணியில் பத்துப் பேரைக் கவனிப்பவர், ஓய்வே எடுக்காவிட்டாலும், ஒருவருக்கு 48 நிமிடத்துக்கு மேல் தர இயலாது. அப்போது முதலில் விடுபடுவது காத்திருக்கும் வேலைதான். குளிப்பாட்டாவிட்டால் நாற்றம் காட்டிக் கொடுக்கும். ஆனால் கைபிடித்து நடத்திச் செல்ல வேண்டியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிச் சென்றால், அன்றைய பதிவில் அது குறையாகத் தெரியாது. சில வாரங்களில் அவர் நடக்க முடியாமற் போகும்போது, அதனை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவது யாருக்கும் எளிது.