ஆறு மாத விசாவும் மூணு வட்டியும்

"ஆறு மாசம் தோட்ட வேலைண்ணே. பழம் பறிக்கணும், அவ்வளவுதான். முடிஞ்சதும் ஊருக்கு வந்துடலாம்."

பெரம்பலூர் மாவட்டக் குன்னம் டீக்கடையில் ஒரு தம்பி இப்படிச் சொன்னால், "போகாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வராது. வானம் பார்த்த கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு ஆசை வருவதில் தப்பே இல்லை. வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் இந்தப் பக்கத்துக்குப் பழகிய வழிகள். சீசன் விசா அப்படிப் பழகியதில்லை. அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு, நிதானமாகப் பேசுவோம்.

இப்படி ஒரு விசா ஏன் இருக்கிறது? நம் ஊரையே பாருங்கள். தை, மாசியில் பருத்தி வெடித்துவிட்டால் காத்திருக்க முடியாது. காட்டுக்காரர் பக்கத்து ஊருக்கெல்லாம் வண்டி அனுப்பி ஆள் கூட்டி வருவார். பருத்தி எடுத்து முடிந்த பிறகு அத்தனை பேருக்கும் அவரிடம் வேலை கிடையாது. இங்கிலாந்தின் ஸ்ட்ராபெரிக்கும் இத்தாலியின் தக்காளிக்கும் இதே கதைதான். அந்த ஊர் ஆட்கள் குனிந்து பறிக்கும் வேலைக்கு வருவதில்லை. எனவே அரசே வெளியூர் ஆளை வரவழைக்கிறது, பறிப்பு முடிந்ததும் அனுப்பிவிடுகிறது. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, விசா முடிந்தால் தங்கவும் முடியாது. கனடா 1966இல் ஜமைக்காவோடு பேசி இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மெக்சிகோவும் கரீபியன் நாடுகளும்தான் அதில் இருக்கின்றன, இந்தியா இல்லை. பிரிட்டன் இப்போதைய திட்டத்தை 2019இல் தொடங்கியது. அங்கே அதிகபட்சம் ஆறு மாதம்.

இனி கூலிக் கணக்கு. இதைத்தான் தம்பிமார்கள் யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. அதை வைத்தே கணக்குப் போடுவோம். சீசன் தொழிலாளிக்கு வாரம் 32 மணி நேர வேலைக்காவது கூலி தர வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு 390 பவுண்டு வருகிறது. தங்குமிடத்துக்கு நாளுக்கு 10.66 பவுண்டு வரை அப்போது பிடிக்க முடிந்தது. அதுபோக வாரம் 316. முழுசாக 26 வாரம் வேலை கிடைத்தால் சுமார் 8,200 பவுண்டு. பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்பது லட்சத்துச் சொச்சம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதில் சாப்பாடு, விசாக் கட்டணம், போகவர விமானச் செலவு, காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் கழித்தால் ஆறேழு லட்சம் மிஞ்சலாம். இப்போது புரோக்கர் ஆறு லட்சம் கேட்டார், அதை மூணு வட்டிக்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். மாதம் 18,000 வட்டி. ஆறு மாதத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். முதுகு ஒடியப் பறித்துவிட்டு வந்து, கடனை அடைத்தால் கையில் ஒன்றுமில்லை. மழையில் பறிப்பு கெட்டாலோ, பாதியில் காய்ச்சலில் படுத்தாலோ நிலம்தான் போகும். மூன்று வருட வேலைக்கு வாங்கிய கடனை இழுத்துப் பிடித்து அடைக்கலாம், ஆறு மாத விசாவுக்கு அந்த அவகாசமே கிடையாது. வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்குவதைப் பிரிட்டன் சட்டம் தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கை இங்கே இருக்கும் புரோக்கர் வரை நீளாது. 2022இல் இந்தோனேசியாவிலிருந்து பிரிட்டன் தோட்டங்களுக்குப் போன பலர் இப்படிப் பெருங்கடனோடுதான் போய் இறங்கினார்கள்.

கடன் பணத்தை மட்டும் தின்பதில்லை. வேலை மோசமாக இருந்தால் "போய்யா" என்று சொல்லிவிட்டு வரும் துணிச்சலையும் தின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் முக்கியம்.

நமக்கு இது புதிதும் இல்லை. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவுக்குள் இருந்த காலத்தில், அந்த ஜில்லாவிலிருந்து இலங்கைக்குக் காப்பி பறிக்கப் போனார்கள். அதுவும் சீசன் வேலைதான். படகேறி மன்னார் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வழியிலேயே காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். கூட்டிப்போன கங்காணி ஊரிலேயே முன்பணம் கொடுத்திருப்பார். பிற்காலத்தில் அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் ஏறியது. துண்டில் உள்ளதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்கு வெகு முன்பே, 1869இல் காப்பிச் செடியில் துரு நோய் விழுந்து, பிறகு தேயிலை வந்தது. தேயிலையை வருடம் முழுக்கக் கிள்ள வேண்டும் என்பதால் போனவர்கள் அங்கேயே தங்க நேர்ந்தது. நான்கு மாத வேலைக்கென்று போன வழியில், தலைமுறைகள் மலையிலேயே கிடந்தன.

இன்றைய இத்தாலியில் கங்காணி வேலையைச் செய்கிறவருக்குக் கப்பொராலே என்று பெயர். ஆள் பிடித்து, வண்டியில் ஏற்றி, கூலியில் பங்கு எடுப்பவர். 2016இல் அதற்கு எதிரான சட்டத்தைக் கடுமையாக்கினார்கள், ஆனாலும் ஒழியவில்லை. ரோமுக்குத் தெற்கே லத்தினா மாவட்டத்துப் பண்ணைகளில் பஞ்சாபிகள் ஏராளம். 2024 ஜூனில் அங்கே ஒரு பஞ்சாப் இளைஞரின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல், வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். துண்டான கை ஒரு பழப்பெட்டியில் கிடந்தது. இரண்டு நாளில் இறந்தார். அவரிடம் முறையான தாள்கள் இல்லை.

தாள் எப்படி இல்லாமல் போகிறது? இத்தாலிக்கு முதலாளி விண்ணப்பித்தால்தான் விசா. அங்கே இறங்கியதும் அதே முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விசாவோடு போய் இறங்கிய பலருக்குக் கையெழுத்துப் போட ஆளே வருவதில்லை. சில 'முதலாளி'கள் விண்ணப்பத்தில் மட்டுமே இருந்தவர்கள். அதற்குப் பிறகு அந்தப் பையன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான். ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்க, கிடைத்த கூலிக்குக் குனிகிறான்.

நம் பக்கச் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. ரசீதும் தர வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். பிரிட்டனும் இத்தாலியும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஐரோப்பாவுக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தை இங்கே எந்த அதிகாரியும் திறந்து பார்ப்பதில்லை. அந்த ஓட்டையில்தான் புரோக்கர் புகுந்து பிழைக்கிறார். சுற்றுலா விசாவில் அனுப்பி, "போய் மாத்திக்கலாம்" என்று சொல்பவர் பேச்சை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். எத்தனை வாரம் வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, எந்தப் பண்ணை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 1978 முதல் தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் ஊர் என்ன சொல்லுமோ என்று வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். உங்கள் மனு, அதே புரோக்கரிடம் பணம் கட்ட நிற்கும் அடுத்த பையனையாவது காப்பாற்றும்.