காவிரித் திட்டுகளில் ஒரு விடுமுறை நாள்

விடுமுறைக்கு மைசூர் செல்வோர் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பிருந்தாவனப் பூங்காவையும் கண்டு திரும்புவது வழக்கம். அந்நகருக்கு வடக்கே, ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துக் காவிரியின் நடுவே சில சிறு திட்டுகள் உள்ளன. பறவைகளின் வாழ்க்கையை ஏட்டில் மட்டுமன்றி நேரிலும் கற்க விரும்புவோர் அங்கு ஒரு காலைப் பொழுதைக் கழித்தல் வேண்டும். ரங்கனதிட்டுப் பறவைப் புகலிடம் என்பது அவ்விடத்தின் பெயர்.

இத்திட்டுகளை இயற்கை மட்டும் படைத்துவிடவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையாரின் காலத்தில், ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டப்பட்டது. அணைக்குப் பின்னால் நீர் தேங்கவே, மேட்டு நிலங்கள் தீவுகளாயின. மருதமும் மூங்கிலும் தாழையும் அவற்றில் அடர்ந்து வளர்ந்தன. பறவைகள் வந்து குடியேறின. 1940-இல் இங்கு வந்த பறவையியல் அறிஞர் சலீம் அலி, இவ்விடத்தைக் காக்க வேண்டிய அவசியத்தை மைசூர் அரசுக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக இது புகலிடமாக அறிவிக்கப்பெற்றது.

படகில் ஏறிச் சற்றுத் தொலைவு சென்றதும் ஒரு கேள்வி நம் உள்ளத்தில் எழும். ஒரே ஆற்றில், ஒரே மரத்தில், இத்தனை இனங்கள் எவ்வாறு சண்டையின்றி வாழ்கின்றன? அவற்றின் அலகுகளை உற்று நோக்கின் விடை கிடைக்கும். கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீருக்குள் இடமும் வலமுமாக வீசிச் சிற்றுயிர்களைப் பிடிக்கிறது. மஞ்சள் மூக்கு நாரை அலகைச் சிறிது திறந்தபடி கலங்கல் நீரில் அமிழ்த்தி நடக்கும். மீன் ஒன்று பட்டவுடன், கண்ணால் காணாமலே, அலகு மூடிக்கொள்ளும். நத்தை குத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி எஞ்சி நிற்கும். அதன் முக்கிய உணவு நத்தை. அலகின் கூரிய நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செலுத்தி, ஓட்டோடு உடலைப் பிணைக்கும் தசையை அது அறுத்துவிடுகிறது. இளம் பறவைகளுக்கு இந்த இடைவெளி இருப்பதில்லை. வளர வளரவே அது தோன்றுகிறது. உண்ணும் உணவும் அதைத் தேடும் முறையும் வேறுபடுவதால் இவற்றிடையே போட்டி குறைகிறது.

பாறைகளின்மீது வாய் பிளந்து கிடக்கும் முதலைகளைக் கண்டு நாம் அஞ்சுவோம். கிளைகளில் கூடு கட்டியுள்ள பறவைகளுக்கோ அவை ஒருவகையில் காவலர்கள் எனலாம். மரமேறி முட்டைகளைத் திருடும் விலங்குகள் முதலை உலவும் நீரை நீந்திக் கடக்கத் துணிவதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு முதலைக்கு இரையாகிறது. அதுவே அக்காவலுக்குரிய கூலி. அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்பு நிலங்களிலும் நீர்ப்பறவைகளுக்கும் முதலை இனத்துக்கும் இடையே இத்தகைய உறவு இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டறிந்துள்ளனர்.

ஆயினும், இவ்வாழ்க்கை முழுவதும் ஒன்றையே நம்பி நிற்கிறது. அது நீரின் மட்டம். கோடையில் ஆறு மிகவும் வற்றினால் திட்டுகள் கரையோடு இணைந்துவிடும். நாயும் நரியும் நடந்தே கூடுகளை அடையலாம். நீர் திடீரென உயர்ந்தாலோ தாழ்ந்த கிளைகளிலுள்ள கூடுகள் மூழ்கும். ஆற்று ஆலா என்னும் பறவை கோடையில் வெறும் பாறையிலும் மணலிலும் முட்டையிடுவது. அதற்குச் சிறிய வெள்ளமும் பெருங்கேடு.

இந்த மட்டத்தை நிர்ணயிப்பது சில மைல் மேலேயுள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையாகும். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை வலுத்து அணை நிரம்பும்போது, உபரி நீர் ஆற்றில் விடப்படுகிறது. அப்போது படகுகள் நிறுத்தப்படுகின்றன, திட்டுகளின் மண் அரிக்கப்படுகிறது, மரங்கள் சாய்கின்றன. பல பறவைகள் கூடு கட்டும் பருவமும் அதுவே. இந்நீர் பயிர்களுக்கும் நகரங்களுக்கும் வேண்டும். கீழே பாலாறு வந்து சேரும் பகுதியைக் கடந்து, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் வழியே நம் வயல்களுக்கும் வருகிறது. ஆகவே, பறவைகளுக்காக ஆற்றை நிறுத்திவைக்க எவரும் கோர இயலாது. ஆனால் இயன்ற போதெல்லாம் மதகுகளைப் படிப்படியாகத் திறப்பதும், கரைந்துவரும் திட்டுகளை வலுப்படுத்தி மரம் நடுவதும் மனிதரால் ஆகக்கூடியவை. மனிதன் கட்டிய அணையால் பிறந்த வீட்டை மனிதனே பேணுதல் முறையன்றோ?

2022-இல் இவ்விடம் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. கர்நாடகத்தில் இப்பெருமையை முதலில் பெற்றது இதுவே. பட்டியலில் இடம்பெற்ற பரப்பு ஏறத்தாழ 518 ஹெக்டேர். சுமார் 225 பறவை இனங்கள் இங்குக் குறிக்கப்பட்டுள்ளன. நீர்நாய்களும், அழியும் நிலையிலுள்ள காவிரி மகாசீர் மீனும் இந்நீரில் வாழ்கின்றன.

காண விழைவோர் அதிகாலையில் செல்வது நலம். குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளையும், மழைக்காலத்தில் கூடுகளையும் காணலாம். வெள்ளம் உள்ளதா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும். படகைத் திட்டுக்கு மிக அருகே செலுத்தும்படி படகோட்டியை வற்புறுத்தலாகாது. தாய்ப்பறவை அஞ்சிப் பறந்துவிட்டால், சில நிமிட வெயிலே குஞ்சுகளுக்குப் போதிய தீங்காகும். ஒரு தொலைநோக்கியும், ஒரு குறிப்பேடும், சிறிது பொறுமையும் இருப்பின், திரும்பி வருகையில் நாம் சில பறவைகளின் பெயர்களோடு, அணையின் மதகுக்கும் கிளையிலுள்ள கூட்டுக்கும் உள்ள தொடர்பையும் அறிந்தவர்களாவோம்.