முகப்பருவுக்கு ‘காம்பினேஷன்’ க்ரீம்... ட்யூபில் இந்தப் பெயர் இருக்கா? முதல்ல பாருங்க!

கடலூர் ஆகட்டும், சிதம்பரம் ஆகட்டும்... மெடிக்கல் ஷாப்பில் போய் “பருவுக்கு ஒரு க்ரீம் குடுங்கண்ணே” என்று கேட்டு வாங்குவது பலருக்குப் பழக்கம். அப்படிக் கைக்கு வரும் ட்யூபில் இரண்டு, மூன்று மருந்துகள் கலந்திருக்கலாம். கலப்பது தப்பில்லை. எதை எதோடு கலந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஏன் இரண்டு மருந்து?

சருமத் துளையில் எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்துக்கொள்ள, உள்ளே பாக்டீரியா பெருகுவதால் பரு வீங்குகிறது. கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இந்தப் பாக்டீரியாவை அடக்கும். ஆனால் அதை மட்டுமே தடவிக்கிட்டு இருந்தால் பாக்டீரியா மருந்துக்குப் பழகிவிடும். அதனால்தான் கூடவே பென்சாயில் பெராக்சைடு. அது வெளியிடும் ஆக்சிஜனைத் தாங்க இந்தப் பாக்டீரியாவால் முடியாது, பழகிக்கொள்ளவும் வழியில்லை. துளை அடைக்காமல் பார்த்துக்கொள்வது அடாபலீன். மூன்றும் சேர்ந்த ஜெல்லுக்கு அமெரிக்கா 2023 அக்டோபரில் அனுமதி கொடுத்தது.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். ஆரம்பத்தில் எரியும், தோல் உரியும். பயந்து பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். பென்சாயில் பெராக்சைடு பட்டால் தலையணை உறை, துண்டெல்லாம் வெளுத்துப்போகும். ஹாஸ்டல் பசங்க கவனிக்க! கர்ப்பிணிகளுக்கு அடாபலீன் வேண்டாம்.

எது ஆபத்து?

இரண்டே நாளில் பரு அமுங்கி, முகமும் பளிச்சென்று ஆகிறதா? அங்கதான் சந்தேகப்படணும். மோமெடசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது ட்யூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்குமே தவிர, பருவைக் குணமாக்காது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரியும், முடி வளரும், பரு முன்பைவிட அதிகமாக வெடிக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தடவுவார்கள். இதற்கு ‘ஸ்டீராய்டால் பாதித்த முகம்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் தோல் மருத்துவர்கள்.

தோல் மருத்துவர்களின் வலியுறுத்தலுக்குப் பிறகு, 2018-ல் 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது.

ஏற்கனவே தடவிக்கிட்டு இருக்கீங்களா?

நீங்களாக வேறு க்ரீமுக்கு மாறாதீங்க. கடலூரில் இருப்பவர்கள் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். சிதம்பரத்தில் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரிலேயே கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கடலூருக்கு பஸ் ஏறிடாதீங்க, பழைய ராஜா முத்தையா மருத்துவமனைதான் அது. போகும்போது அந்த ட்யூபையும் கையில் எடுத்துட்டுப் போங்க.