கோயமுத்தூர்க் கரும்பு

கரும்பு பயிரிடுகிறவன் விதை விதைப்பதில்லை. கரும்பையே துண்டு துண்டாக வெட்டிக் கரணை நடுகிறான். கரணையில் முளைப்பது தாய்க் கரும்பின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். ஆகவே, புதிய ஜாதிக் கரும்பை உண்டாக்க விரும்புவோர் அதன் பூவையும் விதையையும் நாட வேண்டியவராகின்றனர். வடநாட்டுக் குளிரில் கரும்பு முளைக்கும் விதை கட்டுவது அரிது. கோயமுத்தூரிலோ அது தாராளமாகப் பூத்து நல்விதையும் தருகிறது. 1912-ம் வருஷத்தில் கரும்பு அபிவிருத்தி நிலையம் அவ்வூரில் ஏற்பட்டதற்கு இதுவே முக்கியமான காரணம்.

அக்காலத்தில் நமது தேசத்தின் கரும்பு நிலத்திற் பெரும்பகுதி வடநாட்டிலேயே இருந்தது. அங்கு விளைந்ததோ சாறு குறைந்த மெல்லிய கரும்பு. கடைவீதியில் ஜாவாச் சர்க்கரை குவிந்து கிடந்தது. குடியானவனிடம் கொண்ட பரிவினால் அந்நிய ராஜாங்கம் இந்நிலையத்தை நிறுவிற்று என்று நாம் நம்பவில்லை. ஆயினும் அங்கே நடந்த வேலை மிக உயர்ந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது.

பார்பர் துரையும், அவருக்குப்பின் அந்த ஸ்தானத்தை வகித்த டி. எஸ். வேங்கடராமன் அவர்களும் அவ்வேலையின் மூலபுருஷர்கள். 'வெள்ளை' என்னும் பருத்த நற்கரும்பின் பூவோடு பேய்க்கரும்பின் மகரந்தம் சேர்க்கப்பட்டது. பேய்க்கரும்பு தரிசிலும் ஆற்றோரத்திலும் தானே வளர்வது. உழவன் களையென்று வெறுப்பது. அதில் இனிப்பு இல்லை. ஆனால் குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலிமை உண்டு. இவ்விரண்டின் சந்ததியாகிய 'கோ 205' 1918-ல் வெளிவந்து, பஞ்சாபில் பரவியது. அதன்பின் 'கோ' என்ற அடையாளத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஜாதிகள் வடநாட்டின் பழங்கரும்புகளை அநேகமாக ஒழித்தே விட்டன. 1932-ல் பாதுகாப்பு வரிச் சட்டமும் வரவே, சில வருஷங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் எழுந்தன; ஜாவாச் சர்க்கரை வெளியேறிற்று. சுதேசிச் சர்க்கரைக்காக மேடையில் முழங்கிய நம்மைப் போன்றவர்களைக் காட்டிலும், மகரந்தத் தூளோடு மௌனமாக மல்லாடியவர்கள் அதிகம் சாதித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால், ஆதியிற் கூறியபடி, கரும்பு கரணையால் பெருகுவது. பத்து லட்சம் ஏக்கரில் ஒரே ஜாதி நின்றால், அவ்வளவும் உண்மையில் ஒரே செடியே. அதை வெல்லக் கற்ற நோய் அனைத்தையும் வெல்லும். 1939-ஐ ஒட்டிய வருஷங்களில் ஐக்கிய மாகாணத்தின் கீழ்ப்பகுதியிலும் பீஹாரிலும் 'கோ 213' செவ்வழுகல் நோய்க்கு இரையாயிற்று. அந்தப் பாடம் மறக்கப்பட்டது. கோயமுத்தூர் நிலையத்தின் கர்நால் கிளையில் உருவாகி 2009-ல் வெளியான 'கோ 0238' விளைச்சலிலும் சர்க்கரைச் சத்திலும் சிறந்து விளங்கியது. பத்தாண்டுகளில் உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதுவே நின்றது. பின்னர் அதே செவ்வழுகல் அதையும் பற்றிக்கொண்டது. நோயுற்ற கரும்பிலிருந்து எடுத்த கரணை நோயையும் சுமந்து அடுத்த வயலுக்குச் செல்கிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இதற்குக் குடியானவனைக் குற்றஞ் சொல்வது எளிது. அதிகம் விளைவதை அவன் நட்டான். சர்க்கரை அதிகம் தருவதை ஆலைகள் வேண்டின. தடுத்திருக்க வேண்டிய ஸர்க்கார் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலும் 'கோ 86032' என்னும் ஒரு ஜாதியே நெடுங்காலமாகக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியை ஆண்டு வருகிறது. ஒரு புதிய ஜாதியை உண்டாக்கிச் சோதித்து வயலுக்குக் கொண்டுவரப் பத்து வருஷங்களுக்கு மேலாகும். நோய் அத்தனை காலம் காத்திராது. ஓர் ஆலையின் எல்லைக்குள் ஒரே ஜாதி இன்ன பங்குக்கு மேற்படலாகாது என்று விதி செய்து, நோயற்ற கரணை வழங்கும் பொறுப்பையும் அந்த ஆலையின்மீதே சுமத்துமாறு சென்னை ராஜாங்கத்தாரை நாம் கேட்டுக்கொள்ளுகிறோம். வரும் நடவுப் பருவத்திற்கு முன்பே இது நடைபெற வேண்டும்.