ஸ்கிட் ஸ்டியரா, டிராக்டரா? 11 ஏக்கரும் ஒரு எக்செல் ஷீட்டும்



போன எபிசோட் கடைசியில் வாய் தவறி, "கிப்ஸ்லாண்ட்ல கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கோம்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வந்த மெயில்களில் பாதி ஒரே கேள்விதான்: "என்ன வண்டி வாங்கப் போறீங்க?" கிளவுட் பில் பற்றி ஒரு மணி நேரம் பேசியதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. சரி, இந்த வாரம் வண்டிக் கதையே எழுதிவிடுகிறேன்.

முதலில் நிலவரம். வீடு கிளென் வேவர்லியில். நிலம் தெற்கு கிப்ஸ்லாண்டில், கோரம்பரா பக்கம். மோனாஷ் ஃப்ரீவே பிடித்து சவுத் கிப்ஸ்லாண்ட் ஹைவேயில் இறங்கினால், டிராஃபிக் இல்லாத சனிக்கிழமை காலையில் ஒன்றேகால் மணி நேரம். 11 ஏக்கர். ஸ்ட்ரெஸ்லெக்கி மலைப்பகுதி என்பதால் சமதளம் என்று சொல்ல 3 ஏக்கர் தேறும், மீதியெல்லாம் சரிவு. குளிர்காலத்தில் கால் வைத்தால் பூட்ஸ் பாதி உள்ளே போகும்.

பட்ஜெட் 35,000 டாலர். நான் கான்ட்ராக்டர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்டென்ஷன் வருமா வராதா என்று காத்திருக்கிற ஜாதி. லீவு எடுத்தால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. தப்பான வண்டி வாங்கிவிட்டு "அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாம்" என்று சொல்ல முடியாது.

எனக்கு ஆசை ஸ்கிட் ஸ்டியர் மேல்தான். நம்ம ஊரில் எல்லா மண் வண்டியும் ஜே.சி.பி. ஆன மாதிரி, இங்கே எந்த பிராண்டாக இருந்தாலும் பாதிப் பேர் பாப்கேட் என்றுதான் சொல்வார்கள். சக்கரம் காரில் மாதிரி திரும்பாது. இடது பக்கச் சக்கரங்கள் ஒரு வேகம், வலது பக்கச் சக்கரங்கள் இன்னொரு வேகம். அந்த வித்தியாசத்தில் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். யூடியூபில் பார்த்தால் கை துறுதுறுக்கும். மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "ஏங்க, இது நிலத்துக்கா, உங்களுக்கா?"

அதனால் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். எந்த டூலை எடுப்பதற்கு முன்னாலும், அது யாருடைய எந்தப் பிரச்சினைக்காகப் பிறந்தது என்று பார்ப்பேன்.

ஸ்கிட் ஸ்டியரின் கதை வான்கோழிப் பண்ணையில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம், ராத்சே என்கிற சின்ன ஊர். அங்கே ஒரு பண்ணைக்காரருக்குக் கொட்டகையில் எருவை அள்ள வேண்டும். உள்ளே வரிசையாகத் தூண்கள், டிராக்டர் திரும்ப இடமில்லை. மாடியிலும் ஓட்ட வேண்டும் என்பதால் எடையும் குறைவாக இருக்கணும். லூயிஸ், சிரில் கெல்லர் என்கிற சகோதரர்கள் 1957-இல் அவருக்காக மூன்று சக்கர லோடர் ஒன்றைச் செய்துகொடுத்தார்கள். மெல்ரோ கம்பெனி அதை வாங்கி, 1960-இல் நான்கு சக்கரமாக்கியது. பாப்கேட் என்ற பெயர் 1962-இல் வந்தது.

டிராக்டரின் கதை வேறு. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசனின் கவலை திறந்த வயல். பழைய டிராக்டர்களில் கலப்பை ஏதாவது பாறையில் மாட்டினால், வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு ஓட்டுநர் மேலேயே பின்பக்கமாகக் கவிழும். கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு இணைத்து, அந்த இழுவிசையே முன் சக்கரத்தைக் கீழே அழுத்துகிற மாதிரி ஒரு இணைப்பை உருவாக்கினார். 1939-இல் ஃபோர்டோடு சேர்ந்து 9என் மாடலில் அது பெரிய அளவில் சந்தைக்கு வந்தது. இன்றைக்கு எந்த டிராக்டரின் பின்னால் போய்ப் பார்த்தாலும் அதே மூன்று புள்ளிகள். அதற்கு நடுவில் பி.டி.ஓ. தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று. நம்ம பாஷையில் சொன்னால் எண்பது வருஷமாக உடையாத ஏ.பி.ஐ.

ஆக, ஒன்று இடுக்கில் அள்ளப் பிறந்தது. இன்னொன்று வெளியில் இழுக்கப் பிறந்தது. என் நிலம் எதைக் கேட்கிறது?

ஜூலையில் ஒரு வார இறுதிக்கு ஸ்கிட் ஸ்டியரை வாடகைக்கு எடுத்தேன். சனிக்கிழமை சொர்க்கம். ஷெட்டுக்கான மேடையைச் சமன் பண்ணி, வேலிக்கம்பத்துக்கு ஆகரில் குழி போட்டு, நான்கு பேர் ஒரு வாரம் பார்க்கிற வேலை ஒரே நாளில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஈரப் புல்லில் இறங்கினேன். அது திரும்புகிற விதமே சக்கரத்தைத் தரையில் தேய்ப்பதுதான். சாயங்காலம் பார்த்தால் புல்வெளி நடவுக்கு முன்னால் சேறடித்த வயல் மாதிரி கிடந்தது. அந்தத் தழும்பு மறைய வசந்தம் முடிய வேண்டியிருந்தது.

சரிவில் இன்னொரு பாடம். பக்கெட் காலியாக இருந்தால் ஸ்கிட் ஸ்டியருக்கு எடை பின்னால். லோடு ஏறினால் எடை முன்னால். கனமான பக்கம் எப்போதும் மேட்டைப் பார்த்தே இருக்கணும். அதாவது காலி பக்கெட்டோடு ரிவர்ஸில் ஏறணும், லோடோடு நேராக ஏறணும். ஒவ்வொரு நடைக்கும் இதை யோசித்து யோசித்து மதியத்துக்குள் கழுத்து வலி.

அடுத்தது எக்செல். ஒரு வருஷத்தில் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதினோம். புல் வெட்ட 50. வைக்கோல் கட்டு, விறகு, மல்ச் தூக்க 50. பாதை பராமரிக்க 10. ஷெட் மேடை, வடிகால், வேலிக்குழி எல்லாம் சேர்த்து 40. ஆனால் இந்த 40 ஒரே ஒருமுறைதான். மற்ற 110-ம் வருஷா வருஷம் வரும். அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

புல்லை இங்கே அலட்சியம் பண்ண முடியாது. கோடை வருவதற்குள் வெட்டியாகணும், இல்லையென்றால் காய்ந்து எரிபொருளாக நிற்கும். தீ அபாயக் காலம் அறிவித்த பிறகு புல்வெளியில் வண்டி ஓட்டினால் தீப்பொறித் தடுப்பானும், குறைந்தது 9 லிட்டர் தண்ணீரும் வண்டியோடு இருக்கணும். 2009 பிப்ரவரி 7, 173 உயிர் போன கறுப்புச் சனி, இந்த மாநிலத்தில் யாருக்கும் மறக்காது. டிராக்டரில் பி.டி.ஓ. ஸ்லாஷர் மாட்டினால் வேலை முடிந்தது. ஸ்கிட் ஸ்டியருக்கும் ஸ்லாஷர் உண்டு, ஆனால் எல்லாம் ஹைட்ராலிக்கில் ஓடணும்; விலையும் அதிகம்.

வண்டியை இழுத்துப் போவதும் ஒரு கணக்கு. நடுத்தர ஸ்கிட் ஸ்டியரே 2,500 கிலோவுக்கு மேல். இங்கே ஓடுகிற பெரும்பாலான யூட்களின் இழுவை வரம்பு 3,500 கிலோ, அதில் டிரெய்லர் எடையும் சேர்த்தி. சர்வீஸுக்குக் கொண்டுபோவதே ஒரு புராஜெக்ட்.

டிராக்டர் என்று முடிவு பண்ணி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். வீட்டில் சென்னை டாஃபே கம்பெனியின் சிவப்பு மாஸி ஃபெர்குசன் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, அறுவடை நேரத்தில் சேற்றில் சிக்கின டிரெய்லரை இழுக்கப் போனார் சித்தப்பா. சங்கிலியைக் கீழே இருக்கிற இழுவைக் கம்பியில் மாட்டாமல், அவசரத்தில் மேலே மாட்டிவிட்டார். கிளட்சை விட்டதும் முன் சக்கரம் எழும்பியது. ஃபெர்குசன் தடுக்க நினைத்த அதே விபத்து, அவர் பெயர் போட்ட வண்டியிலேயே. ஏனென்றால் இழுத்தது அந்த மூன்று புள்ளி இணைப்பில் இல்லை. அப்படிக் கவிழ ஒன்றரை வினாடி போதும் என்பார்கள். சித்தப்பாவுக்கு 41 வயது.

அப்பா கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "தலைக்கு மேல கம்பி இருக்கிற வண்டியா பாருப்பா. விலையைப் பாக்காத."

அந்தக் கம்பிக்கு இங்கே பெயர் ரோப்ஸ். வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் இருக்கிற இடம் நசுங்காமல் காக்கிற சட்டகம். சீட் பெல்ட்டும் போட்டால்தான் அது முழுசாக வேலை செய்யும். 1990-களின் பிற்பகுதியில், பழைய டிராக்டர்களில் இதைப் பொருத்த விக்டோரியாவில் மானியமே கொடுத்தார்கள். அப்படியிருந்தும், நான் முதலில் பார்த்த செகண்ட் ஹேண்ட் வண்டியில் சட்டகத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஷெட் கதவு உயரம் பத்தவில்லையாம். எனக்குக் கிடைக்கிற மற்ற வண்டிகளைவிட 6,000 டாலர் குறைவு. எக்செல் அதைத்தான் வாங்கச் சொன்னது. நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கடைசியில் வாங்கியது 45 ஹெச்பி, நாலு சக்கர இழுவை, முன்னால் லோடர், பின்னால் ஸ்லாஷர், சட்டகம், பெல்ட், எல்லாம் சேர்த்து 34,200. இதற்கும் குறை உண்டு. திரும்ப இடம் கேட்கும். ஸ்கிட் ஸ்டியர் தூக்குவதில் பாதிதான் தூக்கும். பக்கெட்டை உயர்த்திக்கொண்டு சரிவில் குறுக்கே போனால் இதுவும் கவிழும். அதனால் லோடு எப்போதும் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. செங்குத்தான 2 ஏக்கரில் வண்டியே இறங்காது, அங்கே மரம் நட்டுவிட்டோம்.

வடிகால் வெட்ட அடுத்த மாதம் ஸ்கிட் ஸ்டியர் வரும், இந்தத் தடவை ஆபரேட்டரோடு. தினசரி லோடுக்குச் சொந்த சர்வர், திடீர் லோடுக்கு வாடகை சர்வர் என்று எபிசோடில் சொன்னதேதான்! ஊரிலும் இப்போது உழவன் செயலியில் இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு பண்ணுகிறார்கள்.

உங்கள் நிலம் முழுக்கச் சமதளமா, தரை கெட்டியா, வேலை பூராவும் அள்ளுவதும் கொட்டுவதுமா? அப்போது ஸ்கிட் ஸ்டியரே சரியாக இருக்கலாம். முதலில் மணிக்கணக்கை எழுதுங்கள், ஈரமான ஒரு வார இறுதியில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். டிராக்டர்தான் என்றால், சட்டகத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

போன ஞாயிறு அப்பாவுக்கு வண்டியின் போட்டோ அனுப்பினேன். கலர், கம்பெனி எதுவும் கேட்கவில்லை. பதில் இரண்டே வார்த்தை: "பெல்ட் போட்டியா?"

போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.